விற்காமல் மிஞ்சிய கோழிகள்: உயிர்க்கோழிச் சந்தையிலிருந்து பறவைக் காய்ச்சல் மனிதரைத் தொற்றுவது எப்படி

2013 ஏப்ரல் 6 அன்று சீனாவின் ஷாங்காய் நகரம் தன் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியது. ஹெச்7என்9 என்ற புதிய பறவைக் காய்ச்சல் வைரஸ் மூன்று பேரைத் தொற்றியிருப்பதாகச் சீன அரசு மார்ச் 31 அன்றுதான் அறிவித்திருந்தது. அந்த மூவரும் பிழைக்கவில்லை. மனிதருக்குத் தடுப்பூசி இல்லை. கோழிகளுக்கும் இல்லை. நோய் எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்ததெல்லாம் ஒன்றுதான்: நோயாளிகளில் பெரும்பாலோர் சமீபத்தில் கோழியருகே போயிருந்தார்கள், பலரும் சந்தையில். ஷாங்காயைத் தொடர்ந்து ஹாங்சோ, ஹூசோ, நான்ஜிங் நகரங்களும் சந்தைகளை மூடின. பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, இந்த நான்கு நகரங்களிலும் மனிதத் தொற்று 97 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

தொற்றுநோய் வரலாற்றில் ஒரே ஒரு நடவடிக்கை இவ்வளவு வேகமாகப் பலன் தந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அப்படியானால் சந்தையை நிரந்தரமாக மூடிவிட்டால் போதாதா என்று எவருக்கும் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்தைக்குள் வைரஸ் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலைப் பல ஆண்டுப் பாடுபட்டுக் கண்டுபிடித்த ஊர் ஹாங்காங்.

முதலில் பண்ணைக்கும் சந்தைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். ஒரு பண்ணையில் ஒரே வயதுக் கோழிகள் ஒரே சமயத்தில் வந்து, வளர்ந்து, ஒரே சமயத்தில் விற்பனைக்குப் போகின்றன. அதன்பின் கொட்டகை காலியாகிறது, கழுவப்படுகிறது, சில நாள் சும்மா கிடக்கிறது. அதற்குள் வந்த வைரஸ் ஒன்று கோழிகளைக் கொன்று தானும் அடங்கிவிடும், அல்லது கோழிகளோடு வெளியேறிவிடும். சில்லறைச் சந்தை அப்படியல்ல. அங்கே தினமும் காலையில் பல பண்ணைகளிலிருந்து புதுக் கோழிகள் இறங்குகின்றன. வாத்து, காடை, கௌதாரி, புறா ஆகியவையும் பக்கத்துக் கூண்டுகளில் இருக்கின்றன. மாலையில் எல்லாம் விற்றுத் தீர்வதில்லை. மிஞ்சியவை கூண்டிலேயே இரவைக் கழிக்கின்றன, மறுநாள் வரும் புதிய கோழிகளோடு சேர்கின்றன. அவற்றில் சில இன்னொரு நாளும் தங்குகின்றன. இப்படிச் சந்தை ஒருநாளும் முழுமையாகக் காலியாவதே இல்லை.

வைரஸுக்கு வேண்டியது இதுதான். ஒரு கோழிக்குத் தொற்றினால் அது ஓரிரு நாட்களில் வைரஸை வெளியேற்றத் தொடங்குகிறது. காலையில் வந்து மாலைக்குள் வெட்டப்படும் கோழி, சந்தையில் தொற்று வாங்கினாலும் அதை வேறு கோழிக்குக் கொடுக்க நேரம் கிடைக்காது. இரண்டு நாள், மூன்று நாள் தங்கும் கோழி கொடுத்துவிடுகிறது. சாம்பலுக்குள் மூடி வைத்த தணல் மறுநாள் காலையில் புது விறகைப் பற்றவைப்பதுபோல, நேற்று விற்காமல் மிஞ்சிய கோழி இன்று வந்த கோழியைத் தொற்றுகிறது. வெளியிலிருந்து புதிதாக வைரஸ் எதுவும் வராவிட்டாலும்கூட, ஒருமுறை நுழைந்த வைரஸ் மாதக்கணக்கில் ஒரே சந்தைக்குள் சுற்றிக்கொண்டிருக்க இது போதும்.

கூண்டுகளைக் கிட்டத்தில் பார்த்தால் மற்றதும் விளங்கும். இடம் சிறியது என்பதால் கம்பிக் கூண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். மேல் கூண்டின் எச்சம் தட்டு வழியாகவோ தட்டைத் தாண்டியோ கீழ்க் கூண்டின் முதுகுகளில் விழுகிறது. தண்ணீர்த் தொட்டி பொதுவானது. ஒரு கோழி அலகை நனைத்த நீரில் அடுத்தது அலகை வைக்கிறது. வாத்து அருகில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பறவைக் காய்ச்சல் வைரஸ்களின் இயற்கையான இருப்பிடம் நீர்ப்பறவைகளின் குடல். பல வகை வைரஸ்களைச் சுமந்தபடி வாத்து எந்த நோய்க்குறியும் இல்லாமல் நடமாடும். அதன் எச்சத்தில் வைரஸ் ஏராளமாக வெளியேறும். குளிர்ந்த, ஈரமான எச்சத்திலும் நீரிலும் இந்த வைரஸ் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கோழி ஏற்றி வந்த கூடைகள் கழுவப்படாமல் அதே லாரியில் பண்ணைக்குத் திரும்புகின்றன. அதனால் பண்ணையிலிருந்து சந்தைக்கு வந்த வைரஸ் சந்தையிலிருந்து வேறு பண்ணைக்கும் போகிறது.

வெட்டும் இடம் இன்னொன்று. வாடிக்கையாளர் கூண்டில் கைகாட்டுகிறார்; வியாபாரி கோழியை எடுக்கிறார், அது சிறகடிக்கிறது; கழுத்து அறுக்கப்படுகிறது, இரத்தம் வடிய விடப்படுகிறது; வெந்நீரில் முக்கப்படுகிறது; ரப்பர் விரல்கள் சுழலும் இறகு உரிக்கும் இயந்திரத்தில் போடப்படுகிறது; பிறகு வயிற்றைக் கிழித்துக் குடல் எடுக்கப்படுகிறது. இத்தனையும் சில நிமிடங்களில், வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து ஓரிரு அடி தொலைவில் நடக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் இதே வேலைகளைப் பாதுகாப்பான ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள். ஹெச்5என்1 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய கோழியை வீட்டில் வெட்டுவதுபோல வெட்டியபோது காற்றில் நுண்துளிகளாக வைரஸ் பரவியது. கோழியைத் தொடாமல் அதே காற்றைச் சுவாசித்த கோழிகளுக்கும் நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்கான ஃபெரட்களுக்கும் தொற்று ஏற்பட்டது. மனிதரின் ஃப்ளூவை ஆராய மிகவும் நம்பப்படும் விலங்கு ஃபெரட்தான். ஆகவே 'நான் கோழியைத் தொடவே இல்லை, வெட்டித் தரச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன்' என்று ஒரு நோயாளி சொன்னால் மருத்துவர் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இந்த அறிவின் தொடக்கம் 1997 ஹாங்காங். அந்த ஆண்டு மே மாதம் அங்கே மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மருத்துவமனையில் இறந்தான். அவனிடமிருந்து எடுத்த வைரஸ், அதுவரை மனிதரிடம் இருந்த எந்த ஃப்ளூ வகைக்கும் பொருந்தவில்லை. பல வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்து, அது பறவைகளுக்கு மட்டுமே வரும் என்று நம்பப்பட்ட ஹெச்5என்1 என்று ஆகஸ்டில்தான் உறுதியானது. ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 18 பேருக்குத் தொற்று, அவர்களில் 6 பேர் மரணம். நோய் கண்டவர்களையும் காணாதவர்களையும் ஒப்பிட்டு விசாரித்தபோது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. நோய் வருவதற்கு முந்தைய வாரத்தில் உயிர்க்கோழிக் கடைக்கோ சந்தைக்கோ போயிருப்பதுதான் ஆபத்து. கோழிக்கறி சாப்பிட்டதற்கும் சமைத்ததற்கும் நோயோடு தொடர்பு காணப்படவில்லை. இன்றும் பறவைக் காய்ச்சல் செய்தி வந்தவுடன் மக்கள் முதலில் கைவிடுவது கறிக்குழம்பைத்தான். ஆனால் நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸ் உயிரோடு இருக்காது. 70 டிகிரி சூடு முழுத் துண்டின் உள்ளேயும் எட்டினால் போதும். பயப்பட வேண்டியது கூண்டருகே நிற்பதற்கு.

அந்த டிசம்பரில் ஹாங்காங் சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கோழியிடம் ஹெச்5என்1 இருந்தது. டிசம்பர் 29 அன்று அரசு நகரத்தில் இருந்த கோழிகள் அனைத்தையும் கொல்லத் தொடங்கியது. சில நாட்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. அத்தோடு மனிதத் தொற்று நின்றது. அந்த முடிவை அன்று பலரும் மிகைச் செயல் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது அன்று தெரிந்த ஒரே வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த வழியையே நம்பியிருக்க முடியாது என்பது ஹாங்காங்குக்கு விரைவில் புரிந்தது.

அந்தக் கதைக்குப் போகுமுன் ஒரு கேள்வி. சந்தையில் ஐந்தில் ஒரு கோழியிடம் வைரஸ் இருந்தும், பல லட்சம் மக்கள் வாழும் நகரில் 18 பேருக்கு மட்டும் ஏன் நோய் வந்தது?

பறவை வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறுதான் அது. பறவைகளின் குடலில் இந்த மூலக்கூறு ஒரு விதமாகவும், மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் வேறு விதமாகவும் இணைந்திருக்கிறது. பறவை வைரஸ் பறவை விதத்தைத்தான் பற்றும். நம் உடலில் அந்த விதம் இல்லாமல் இல்லை. அது நுரையீரலின் அடி ஆழத்தில், காற்றுப் பைகளருகே இருக்கிறது, கண்ணின் மேற்பரப்பிலும் இருக்கிறது. 2006இல் வெளியான ஆய்வுகள் இதை எடுத்துக்காட்டின. ஒரே உண்மையில் இரண்டு விளைவுகள் அடங்கியிருக்கின்றன. வைரஸ் மிக ஆழத்துக்குப் போனால்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால் தொற்று அரிது. பிடித்துக்கொண்டுவிட்டால் அது நேராக நுரையீரலைத் தாக்குகிறது என்பதால் நிமோனியா கடுமையானது. மூக்கிலும் தொண்டையிலும் பெருகாததால் தும்மலில் இருமலில் அடுத்தவருக்கு எளிதில் போவதுமில்லை.

வெப்பநிலையும் ஒரு தடை. பறவையின் உடல் வெப்பம் 41 டிகிரி அளவில் இருக்கும். நம் மூக்குப் பாதை 33 டிகிரிதான். பறவை வைரஸின் பெருக்க இயந்திரம் அந்தக் குளிர்ச்சியில் மந்தமாகிவிடுகிறது. பிபி2 என்ற புரதத்தில் 627ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் அந்த மந்தம் நீங்கிவிடும். இந்த மாற்றம் கோழியிடம் அரிது. ஆனால் நோயுற்ற மனிதரிடமிருந்து எடுத்த ஹெச்7என்9 வைரஸ்களில் அடிக்கடி காணப்பட்டது. அதாவது வைரஸ் மனித உடலுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே நம்மைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறது. ஒவ்வொரு மனிதத் தொற்றும் அதற்குக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு. சந்தையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முதன்மையான காரணம் நோயுற்ற அந்தச் சிலர் மட்டுமல்ல, இந்த வாய்ப்புகளின் எண்ணிக்கையும்தான்.

வியாபாரிகள் விஷயம் சற்று வேறு. நாள் முழுக்கக் கோழிகளுக்கு நடுவில் நிற்பவர்கள் அவர்கள். ஆனால் நோயாளிப் பட்டியலில் வாடிக்கையாளர்களைவிட அவர்கள் எண்ணிக்கையில் அதிகம் இருப்பதில்லை. 1997 நோய்க்குப் பிறகு ஹாங்காங்கில் கோழித் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது ஏறத்தாழ 10 சதவீதத்தினரிடம் ஹெச்5 வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களில் பலர் காய்ச்சலென்று படுத்ததாகவே நினைவில் இல்லை. சிறு சிறு அளவில் தொடர்ந்து தொற்றைச் சந்தித்ததால் ஓரளவு எதிர்ப்பு உருவாகியிருக்கலாம். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: அரசு அறிக்கைகளில் வரும் எண்ணிக்கை கடுமையாக நோயுற்று மருத்துவமனைக்கு வந்தவர்களுடையது. லேசான தொற்றுகள் கணக்குக்கே வருவதில்லை. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட ஹெச்5என்1 மனிதத் தொற்றுகள் 950ஐத் தாண்டிவிட்டன. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். 'தொற்றினால் பாதிப்பேர் சாவார்கள்' என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. 'சிகிச்சைக்கு வந்து கண்டறியப்பட்டவர்களில் பாதிப்பேர்' என்பதே சரி. இரண்டாவது வாசகமும் போதுமான அளவு அச்சுறுத்தக்கூடியதுதான்.

ஹெச்5என்1க்கும் ஹெச்7என்9க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஹெச்5என்1 கோழியைக் கொன்றுவிடும். பண்ணையில் ஒரே இரவில் கோழிகள் செத்து விழும். வியாபாரிக்கும் அதிகாரிக்கும் எச்சரிக்கை கிடைக்கும். ஹெச்7என்9 முதல் நான்கு ஆண்டுகள் கோழிக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. கொண்டை சிவந்து, தீனி தின்று, முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான கோழி அதைச் சுமந்து திரிந்தது. வாடிக்கையாளர் கூண்டில் தேர்ந்தெடுத்தது துடிப்பான கோழியைத்தான். உயிரோடு வாங்குவதன் காரணமே நோயற்ற கோழியைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம் என்பது. அந்த நம்பிக்கையை ஹெச்7என்9 பொய்யாக்கிவிட்டது. கோழிகள் சாகாததால் சந்தையில் வைரஸ் இருப்பது மனிதர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும்போதுதான் தெரியவந்தது. அந்த வைரஸ் மொத்தம் 1,568 பேருக்கு உறுதிசெய்யப்பட்டது. 616 பேர் இறந்தார்கள்.

அந்த நோயாளிகளில் வயதான ஆண்கள் அதிகம். ஓய்வுபெற்றவர்கள் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வருவது நகரங்களில் வழக்கம் என்பது ஒரு விளக்கம். அதைவிட ஆழமான ஒரு விளக்கம் 2016இல் வந்தது. ஹெச்5என்1 இளவயதினரையும் குழந்தைகளையும், ஹெச்7என்9 முதியோரையும் அதிகமாகத் தாக்குவதைக் கவனித்த ஆய்வாளர்கள் நோயாளிகளின் பிறந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 1968 ஒரு எல்லைக்கோடாகத் தெரிந்தது. அந்த ஆண்டுதான் ஹாங்காங் ஃப்ளூ என்ற ஹெச்3என்2 உலகெங்கும் பரவியது. அதற்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் முதன்முதலாகச் சந்தித்த ஃப்ளூ ஹெச்1 அல்லது ஹெச்2 (ஹெச் எண் வைரஸின் மேற்புரதத்தின் வகையைக் குறிக்கிறது). இவை ஹெச்5க்கு உறவு. பின் பிறந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் சந்தித்தது ஹெச்3. அது ஹெச்7க்கு உறவு. முதல் தொற்று உடலில் பதித்த நினைவு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வேறொரு வைரஸிலிருந்து ஓரளவு காக்கிறது. ஐந்து வயதில் வந்த சாதாரணக் காய்ச்சல் ஒன்று, அறுபது வயதில் கோழிக்கடை வாசலில் எவர் பிழைப்பார் என்பதைப் பாதிக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி இது.

பேசப்படாத ஒரு வைரஸும் இங்கே உண்டு: ஹெச்9என்2. ஆசியாவின் கோழிச் சந்தைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். கோழியை அது கொல்வதில்லை, மனிதருக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசான சளியோடு போய்விடும். ஆகவே எவரும் அதன்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை. ஆனால் ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே கோழியின் ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிப் புது வைரஸ் பிறக்கும். 2013இன் ஹெச்7என்9 தன் எட்டுத் துண்டுகளில் ஆறை ஹெச்9என்2விடமிருந்துதான் பெற்றது. 1997இன் ஹெச்5என்1இல் மேற்புரதம் தென்சீன மாகாணமான குவாங்டாங்கின் பெருவாத்திலிருந்து வந்தது. உட்துண்டுகளோ ஹாங்காங் சந்தைக் காடைகளிடம் இருந்த ஹெச்9என்2வின் துண்டுகளை ஒத்திருந்தன. 2013 டிசம்பரில் நான்சாங் நகரில் ஹெச்10என்8 வைரஸால் ஒரு மூதாட்டி இறந்தார். சில நாட்களுக்கு முன் அவர் சந்தைக்குப் போயிருந்தார். அந்த வைரஸின் உட்துண்டுகளும் ஹெச்9என்2வின் வழிவந்தவை. 2023இல் குவாங்டாங்கில் ஹெச்3என்8 தொற்றி ஒரு பெண் இறந்ததும் சந்தைக்குப் போய்வந்த பிறகுதான். வெளித்தோற்றம் மாறினாலும் உள்ளே இருப்பது பழைய ஹெச்9என்2தான் என்ற நிலை திரும்பத் திரும்ப வருகிறது. சந்தையிலுள்ள பல பறவை இனங்களும் பல நாள் தங்கலும் இந்தக் கலப்புக்கு இடம் தருகின்றன.

இப்போது ஹாங்காங். 1998இல் சந்தைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது வாத்துகள் அங்கே இல்லை. அவற்றைத் தனி இடத்தில் வெட்டிக் குளிரூட்டி விற்க உத்தரவாகியிருந்தது. மரக் கூண்டுகளுக்குப் பதில் கழுவத்தக்க பிளாஸ்டிக் கூண்டுகள் வந்தன. ஆனால் 2001இல் வைரஸ் மீண்டும் சந்தைக்குள் நுழைந்தது, மீண்டும் கோழிகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டுதான் மாதம் ஒரு நாள் எல்லாக் கடைகளும் விடுமுறை விடும் முறை வந்தது. விடுமுறைக்கு முன் எல்லாக் கோழிகளையும் விற்றுவிட வேண்டும், மிஞ்சியவற்றை வெட்டிவிட வேண்டும், காலிக் கடையைக் கழுவிக் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். 2002இல் காடைகளும் சந்தையிலிருந்து வெளியேறின. 2003இல் விடுமுறை மாதம் இரண்டு நாளானது. ஒவ்வொரு படியிலும் ஆய்வாளர்கள் கூண்டுகளிலிருந்து எச்ச மாதிரி எடுத்து, ஹெச்9என்2 எவ்வளவு கிடைக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஆபத்தற்றது என்று ஒதுக்கப்பட்ட அந்த வைரஸ் இங்கே நல்ல அளவுகோலாகப் பயன்பட்டது: சந்தையின் அமைப்பு வைரஸுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை அது காட்டியது.

விடுமுறைக்குப் பிறகு அளவு இறங்கும். சில நாட்களில் மறுபடி ஏறும். இரண்டாவது விடுமுறை பெரிதாகக் கூடுதல் பலன் தரவில்லை. 2008 ஜூனில் சந்தைகளில் ஹெச்5என்1 மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதும், ஜூலை முதல் அரசு கடைசிப் படியை எடுத்தது. எந்தச் சில்லறைக் கடையிலும் உயிர்க்கோழி இரவு தங்கக்கூடாது. மிஞ்சியவற்றை இரவு 8 மணிக்குள் வெட்டிவிட வேண்டும். இந்த ஒரே விதி கோழிகளிடம் ஹெச்9என்2 கிடைப்பதை 84 சதவீதம் குறைத்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. கோழி விற்பனை நிற்கவில்லை. உயிர்க்கோழி கேட்ட வாடிக்கையாளருக்கு அது கிடைத்தது. நின்றது ஒன்றுதான், தணல் இரவைத் தாண்டுவது.

சீன நிலப்பரப்பிலும் இதே பாடம் பின்னர் ஒரு விதியாக வந்தது. அதிகாரிகள் அதை எண்களால் 1110 என்று சுருக்கி அழைத்தார்கள்: நாளுக்கு ஒருமுறை கழுவுதல், வாரத்துக்கு ஒருமுறை கிருமிநீக்கம், மாதம் ஒருநாள் கடையடைப்பு, இரவில் இருப்பு பூஜ்ஜியம். 2025 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் ஏழு உயிர்க்கோழிச் சந்தைகளில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது, நகரிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் உள்ள சந்தைகளுக்கு அந்த மாநில அரசும் இதையே சொன்னது: இருப்பை எல்லாம் விற்றுத் தீருங்கள், கழுவுங்கள், ஐந்து நாள் காலியாக வைத்திருங்கள், பரிசோதனைக்குப் பின் திறங்கள். நியூயார்க்கை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பறவைக் காய்ச்சல் பற்றிய பேச்சில் சீனர்களின், ஆசியர்களின் உணவுப் பழக்கத்தைக் குறைகூறும் தொனி அடிக்கடி வருகிறது. உயிர்க்கோழியை வாங்கி உடனே வெட்டித் தரச் சொல்வது உலகெங்கும் உள்ள பழக்கம். குளிர்சாதன வசதி இல்லாத இடத்தில் கறி கெடாமல் இருக்க அதுவே நம்பகமான வழி. மத விதிப்படி வெட்டப்பட வேண்டும் என்பவர்களுக்கு அதுவே வழி. பழக்கத்தைப் பழித்தால் வியாபாரி அதிகாரியிடமிருந்து ஒளிவார். ஒளிந்த வியாபாரத்தில் மாதிரி எடுக்கவும் முடியாது, கழுவச் சொல்லவும் முடியாது.

நிரந்தர மூடலின் சிக்கலும் இங்கேதான். ஒரு நகரம் சந்தையை மூடும்போது பண்ணைகளில் வளர்ந்து நிற்கும் கோழிகள் மறைந்துவிடுவதில்லை. தீனிச் செலவு தினமும் ஏறுகிறது. வியாபாரி அவற்றைத் திறந்திருக்கும் அடுத்த ஊருக்கு ஏற்றுகிறார், விலை குறைத்துத் தள்ளுகிறார். சீனாவில் ஹெச்7என்9 அலைகளின்போது மூடப்பட்ட நகரங்களிலிருந்து வைரஸ் இப்படிப் புதிய இடங்களுக்குப் போனதற்கான தடயங்கள் உண்டு. பண்ணையாளரின் நிலையும் அதேதான். நான்கைந்து கோழிகள் சோர்ந்து நிற்பதைப் பார்த்தவுடன் அவர் முன்னால் இரண்டு வழிகள். அதிகாரியிடம் சொன்னால் மொத்தப் பண்ணையும் கொல்லப்படும். சொல்லாமல் இன்றிரவே சந்தைக்கு அனுப்பினால் பாதிப் பணமாவது கையில் வரும். கொல்லப்படும் கோழிக்கு உடனடியாக, சந்தை விலைக்கு நெருக்கமாக இழப்பீடு கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நாட்டில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார். அவரைக் குற்றவாளியாக்குவது எளிது. இழப்பீட்டு நிதியை முன்கூட்டியே ஒதுக்குவதுதான் நோயைத் தடுக்கும். நோய் முதலில் சந்தையில் குவிவதற்கு இந்த அவசர விற்பனையும் ஒரு காரணம்.

பண்டிகைக் காலம் இதையெல்லாம் பெருக்குகிறது. சந்திரப் புத்தாண்டையொட்டிக் கோழி தேவை பன்மடங்கு உயர்கிறது. வழக்கமாக வராத ஊர்களிலிருந்தும் லாரிகள் வருகின்றன. அது குளிர்காலமும்கூட, வைரஸ் அதிக நாள் பிழைக்கும் காலம். சீனாவின் ஹெச்7என்9 அலைகளும், கம்போடியச் சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் வைரஸ் அதிகம் தென்பட்ட மாதங்களும் இந்தக் காலத்தோடு ஒத்துப்போயின.

ஹெச்7என்9ஐ இறுதியில் அடக்கியது கோழித் தடுப்பூசி. 2016-17 குளிர்காலத்தில் ஐந்தாவது அலை மற்ற எல்லா அலைகளையும்விடப் பெரிதாக வந்து 750க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அதே சமயம் வைரஸும் மாறி, கோழிகளைக் கொல்லும் தன்மை பெற்றது. பண்ணையாளர்களுக்கும் தடுப்பூசியில் அக்கறை வந்தது அதனால்தான். 2017 செப்டம்பர் முதல் ஹெச்5, ஹெச்7 இரண்டுக்கும் சேர்த்துத் தயாரித்த தடுப்பூசி நாடு முழுவதும் கோழிகளுக்குப் போடப்பட்டது. அடுத்த பருவத்தில் மனிதத் தொற்றுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு இறங்கின. மிகப் பெரிய வெற்றி இது. ஆனால் தடுப்பூசிக்கு ஒரு விலை உண்டு. அரைகுறையாகப் போடப்பட்டால், அல்லது வைரஸ் மாறிய பின்னும் பழைய ஊசியே தொடர்ந்தால், கோழி சாகாமல் பிழைக்கும், வைரஸை மட்டும் வெளியேற்றும். கண்ணுக்குத் தெரியாத தொற்று என்ற பழைய நிலைக்கே திரும்புவோம். எகிப்தில் பல ஆண்டுகள் கோழிகளுக்கு ஊசி போட்டும் 2014, 2015இல் மனிதத் தொற்று பெருகியது இந்த ஆபத்தை நினைவூட்டுகிறது. ஊசி போட்ட இடத்தில் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும்; நடைமுறையில் ஊசி போட்டதும் கண்காணிப்புக்கான பணம்தான் முதலில் குறைக்கப்படுகிறது.

கண்காணிப்பு என்றால் ஒவ்வொரு கோழியின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விடுவது அல்ல. வெட்டும் பலகை, இறகு உரிக்கும் இயந்திரத்தின் உட்சுவர், கூண்டின் அடித்தட்டு, சாக்கடை நீர் ஆகியவற்றிலிருந்து வாரம் ஒருமுறை எடுக்கும் சில மாதிரிகளே ஒரு சந்தையின் நிலையைச் சொல்லிவிடும். பல பண்ணைகளின் கோழிகள் ஒரே பலகையில் வெட்டப்படுவதால், ஒரு பலகையின் மாதிரி பல பண்ணைகளுக்கான சோதனையாகிறது. வைரஸைப் பெருக்கும் அதே கலப்பு, அதைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. சந்தையை ஒழித்துவிட்டால் இந்தக் காவல்கோபுரமும் போய்விடும் என்பது நிரந்தர மூடலுக்கு எதிரான இன்னொரு வாதம்.

மருத்துவமனையில் வேண்டியது ஒரு கேள்வி. கடும் நிமோனியாவோடு வருபவரிடம், கடந்த பத்து நாட்களில் கோழிச் சந்தைக்குப் போனீர்களா, கோழி வெட்டும் இடத்தில் நின்றீர்களா, வீட்டில் பறவை ஏதும் செத்ததா என்று கேட்க வேண்டும். ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தை நோய்க்குறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்கு வேலை செய்கிறது. நாள் ஆக ஆகப் பலன் குறைகிறது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் தொடங்கச் சொல்வது அதனால்தான். இந்தக் கேள்வி கேட்கப்படாததால் பல நோயாளிகளுக்கு அந்த இரண்டு நாட்கள் வீணாகின்றன.

கடைசியாக, தினமும் கூண்டருகே நிற்பவர்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, வேலைக்கென்று தனி உடை, அதைச் சந்தையிலேயே துவைக்கும் வசதி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். வீட்டுக்கு அந்த உடையோடு போகாதிருப்பது குழந்தைகளுக்கான பாதுகாப்பு. சாதாரண ஃப்ளூவுக்கான தடுப்பூசியும் அவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே சமயத்தில் ஒரே ஆளின் நுரையீரலில் சந்தித்தால், கோழியின் உடலில் நடக்கும் அதே துண்டு மாற்றம் மனித உடலில் நடக்கலாம். அந்தச் சந்திப்பின் வாய்ப்பை இந்த ஊசி குறைக்கிறது. காய்ச்சல் வந்தால் கூலி இழக்காமல் வீட்டில் இருக்கும் உரிமையும் இதோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சலோடும் அவர் கடைக்கு வந்து கோழி வெட்டிக்கொண்டுதான் இருப்பார்.